கிராபிக்ஸ் கார்டு: பழசா, புதுசா?

(முன்னாள் மாணவர் சந்திப்பின் காலை அமர்வில் பேசியதன் எழுத்து வடிவம்)



பேச்சுக்குத் தலைப்பு கேட்டு மலர்க்குழுச் செயலாளர் போன் செய்தபோது "கிராபிக்ஸ் கார்டு" என்றேன். அவர் சிவில், எழுபதுகளில் படித்தவர். "தம்பி, எல்லாருக்கும் புரியற மாதிரி ஏதாவது..." என்று இழுத்தார். காரணத்தைச் சொன்னதும் ஒப்புக்கொண்டார். காரணம் உங்களுக்கும் தெரியும். புராஜெக்ட் லேபுக்கு இருபது கம்ப்யூட்டர் வாங்கித் தருவதென்று சங்கம் தீர்மானித்து, நீங்கள் எல்லோரும் பணமும் அனுப்பியாகிவிட்டது. அதில் எந்தக் கார்டு போடுவது என்பதில்தான் மூன்று வாரமாக வாட்ஸ்அப் குழுவில் ஒரே சண்டை. "பழைய கார்டு பாதி விலைக்குக் கிடைக்குது, அதுவே தாராளம்" என்கிறது ஒரு கட்சி. "வாங்கறதே வாங்கறோம், புதுசா வாங்குவோம்" என்கிறது இன்னொரு கட்சி. இன்று மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு செயற்குழு கூடி முடிவெடுக்கப் போகிறது. சாப்பிட்டபின் யாருக்கும் எதுவும் ஏறாது என்பதால் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

நான் மெக்கானிக்கல். 2011-இல் வெளியே போனவன். வாகன உதிரிபாகங்களுக்கு ஸ்ட்ரெஸ் கணக்குப் போடும் வேலை. கம்ப்யூட்டர் துறைக்காரன் இல்லை. ஆனால் இந்த விஷயத்தில் ஒருமுறை நன்றாக ஏமாந்தவன்.

மூன்றாம் வருடம் படிக்கும்போது, 2010-இல், அப்பாவிடம் "புராஜெக்ட்டுக்கு வேணும்" என்று சொல்லி ஐயாயிரத்துச் சொச்சம் வாங்கிக்கொண்டு சென்னை போனேன். புராஜெக்ட்டுக்கு என்பது பொய். கிரைசிஸ் விளையாடத்தான். அப்பா அந்தப் பணத்தைக் கூட்டுறவுச் சங்கத்தில் கடனாக எடுத்தார் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். கடைக்காரர் ஜீஃபோர்ஸ் ஜி.டி. 240 என்ற கார்டை எடுத்து வைத்தார். போன வருடம்தான் வந்தது, சுடச்சுடப் புதுசு, பெட்டியின்மேல் 1 ஜி.பி. என்று உள்ளங்கை அகலத்துக்கு எழுதியிருந்தது. ஹாஸ்டலில் என் சீனியர் அண்ணன் ஒருவரிடம் 2008-இல் வந்த 9600 ஜி.டி. இருந்தது. அதில் 512 எம்.பி.தான். என்னுடையதில் 96 கோர், அவருடையதில் 64 கோர். எந்தக் கணக்கில் பார்த்தாலும் நான்தான் ஜெயிக்க வேண்டும்.

ராத்திரி இரண்டு கம்ப்யூட்டரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரே ஆட்டத்தை ஓடவிட்டோம். அவர் திரையில் ஜீப் வழுக்கிக்கொண்டு போனது. என் திரையில் மாட்டுவண்டி. கூடியிருந்த பயல்கள் சிரித்ததைவிட அண்ணன் கேட்டதுதான் மனதில் நின்றது: "தம்பி, பெட்டியைப் படிச்சியா, கார்டைப் படிச்சியா?"

விஷயம் என்னவென்றால், ஜி.டி. 240 என்ற ஒரே பெயரில் வேறு வேறு மெமரி போட்டு விற்றார்கள். ஜி.டி.டி.ஆர். 5 போட்டது நொடிக்கு 54 ஜி.பி. அளவுக்குத் தகவலைக் கொண்டுவரும். என் தலையில் கட்டிய டி.டி.ஆர். 3 ரகம் சுமார் 29 ஜி.பி.தான். அண்ணனுடைய பழைய 9600 ஜி.டி.யோ 57.6 ஜி.பி. கடைக்காரர் பொய் எதுவும் சொல்லவில்லை. ஒரு ஜி.பி. என்றார், ஒரு ஜி.பி. இருந்தது. எதைச் சொல்லவில்லை என்பதில்தான் வியாபாரம்.

இதைப் புரிய வைக்கக் கல்யாணப் பந்தியைச் சொல்லலாம் என்று நினைக்கிறேன். கம்ப்யூட்டரின் மூளையான சி.பி.யு. தலைமைச் சமையல்காரர் மாதிரி. ஆள் ஒருவர்தான், ஆனால் எந்தச் சிக்கலான வேலையும் செய்வார். கிராபிக்ஸ் கார்டு என்பது பரிமாறுகிற ஆட்கள். ஒவ்வொருவருக்கும் தெரிந்தது சின்ன வேலை. சோறு வை, நகரு, சோறு வை, நகரு. ஆனால் நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் ஆட்கள். திரையில் இருக்கும் இருபது லட்சம் புள்ளிகளும் இருபது லட்சம் இலை என்று வைத்துக்கொள்ளுங்கள். நொடிக்கு அறுபது பந்தி. அதுதான் கோர். மெமரி என்பது ஸ்டோர் ரூம், எத்தனை மூட்டை அடுக்கலாம் என்ற கணக்கு. பேண்ட்வித் என்பது ஸ்டோர் ரூமிலிருந்து பந்தி மண்டபத்துக்கு வருகிற நடைபாதையின் அகலம். ஸ்டோர் ரூம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும், ஆட்கள் எத்தனை பேர் இருந்தாலும், நடைபாதை ஓராள் அகலம் என்றால் எல்லோரும் வாளியோடு வரிசையில் நிற்க வேண்டியதுதான். என் கார்டில் நடந்தது அது.

இந்தப் பெயர் விளையாட்டு அந்தக் காலத்தோடு போய்விட்டது என்று நினைக்காதீர்கள். 2007-இல் வந்த 8800 ஜி.டி.தான் மறு வருடம் 9800 ஜி.டி. என்ற புதுப் பெயரில் வந்தது. 2017-இல் வந்த ஜி.டி. 1030 நொடிக்கு 48 ஜி.பி. கார்டு. 2018-இல் அதே பெயரில் டி.டி.ஆர். 4 போட்டு விட்டார்கள், 16.8 ஜி.பி. ஆகிவிட்டது. 2021-இல் வந்த ஆர்.டி.எக்ஸ். 3060-இல் 12 ஜி.பி. மெமரி. பிறகு அதே 3060 என்ற பெயரில் 8 ஜி.பி. ஒன்று வந்தது. மெமரி மட்டும் குறையவில்லை, பாதையும் 192 பிட்டிலிருந்து 128 பிட்டாகச் சுருங்கியது. 2025-இல் வந்த 5060 டி.ஐ.யிலும் 8, 16 என்று இரண்டு உண்டு. ஆகவே மாணவர்களே, கார்டு வாங்கும்போது பெயரை மட்டும் சொல்லாதீர்கள். கல்யாணத்துக்கு வரன் பார்ப்பதுபோல ஊர், உறவு எல்லாம் விசாரிக்க வேண்டும்.

சரி, இப்போது லேப் விஷயத்துக்கு வருகிறேன். பழைய கார்டு கட்சி சொல்வது ஜி.டி.எக்ஸ். 1080 டி.ஐ. 2017 மார்ச்சில் 699 டாலருக்கு வந்தது. 3584 கோர், 11 ஜி.பி., நொடிக்கு 484 ஜி.பி. வேகம், 250 வாட். எனக்கே அந்தக் கார்டின்மேல் ஒரு காதல் உண்டு, மறைக்க மாட்டேன். அதோடு ஒப்பிட ஆர்.டி.எக்ஸ். 3060-ஐ எடுத்துக்கொள்வோம். நான்கு வருடம் கழித்து 329 டாலருக்கு வந்தது. வேடிக்கை பாருங்கள், இதிலும் 3584 கோர்தான், ஒன்று கூடவும் இல்லை, குறையவும் இல்லை. பேண்ட்வித் 360. ரே டிரேசிங் இல்லாத ஆட்டங்களில் பழைய 1080 டி.ஐ. சமமாக நிற்கும், சிலவற்றில் கொஞ்சம் முன்னாலும் போகும்.

கோர் எண்ணிக்கையை வைத்து ஒப்பிடவே கூடாது என்பதற்கு இன்னொரு சாட்சி. 2018-இல் வந்த ஆர்.டி.எக்ஸ். 2070-இல் 2304 கோர். 3060-இல் 3584. ஒன்றரை மடங்குக்கும் மேல். ஆட்டத்தில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். ஏன்? 2070 தலைமுறையில் ஒரு கை தசமக் கணக்குக்கு, ஒரு கை முழு எண் கணக்குக்கு என்று பிரித்து வைத்திருந்தார்கள். 3060 தலைமுறையில் அந்த இரண்டாவது கைக்கும் தசமக் கணக்குச் சொல்லிக் கொடுத்து, அதையும் ஒரு ஆளாகக் கணக்கெழுதிவிட்டார்கள். முழு எண் வேலை வந்தால் அந்தக் கை அங்கே போய்விடும். வருகைப் பதிவேட்டில் ஆள் இருப்பார், பந்தியில் இருக்க மாட்டார்.

புது கார்டு கட்சி சொல்வது 2023-இல் வந்த ஆர்.டி.எக்ஸ். 4060. இதில் பேண்ட்வித் 272-தான். பழையதைவிடக் குறைவு! ஆனாலும் 3060-ஐ முந்துகிறது. நிறுவனம் சொன்னது சராசரியாக 20 சதவீதம், வெளியார் சோதனைகளும் அதை ஒட்டித்தான் வந்தன. நான் சற்றுமுன் சொன்ன நடைபாதைக் கதை பொய்யா என்று கேட்பீர்கள். இல்லை. பந்தி மண்டபத்திலேயே ஒரு பெரிய மேசை போட்டு அண்டாவைக் கொண்டுவந்து வைத்துவிட்டார்கள். அதுதான் கேச். 3060-இல் அது 3 எம்.பி., 4060-இல் 24 எம்.பி. அடிக்கடி ஸ்டோர் ரூமுக்கு ஓட வேண்டாம். ஆனால் இலைகள் கூடக்கூட, அதாவது 4கே திரை மாதிரி பெரிய திரைக்குப் போகும்போது, மேசை போதாமல் பழையபடி நடைபாதையில் நெரிசல் வரும். அதோடு ஸ்டோர் ரூம் 8 ஜி.பி.தான். நிரம்பினால் கம்ப்யூட்டரின் பொது மெமரியிலிருந்து வரவழைக்க வேண்டும். அந்த வழியிலும் 4060 பதினாறு லேனுக்குப் பதில் எட்டுதான் வைத்திருக்கிறது. உங்களில் பலர் வீட்டில் இருக்கும் பழைய மதர்போர்டில் அந்த எட்டின் வேகமும் பாதியாகிவிடும். புது கார்டைப் பழைய பெட்டியில் சொருகுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

பழையதால் முடியவே முடியாத காரியங்களும் உண்டு. இதை 1080 டி.ஐ. ரசிகனாகிய நானே வருத்தத்தோடு சொல்கிறேன். 2023-இல் வந்த ஆலன் வேக் 2 என்ற ஆட்டம் மெஷ் ஷேடர் என்ற வசதியை எதிர்பார்த்தது. 10 வரிசைக் கார்டுகளில் அது கிடையாது. அதில் இவை தடுமாறின, பிறகு ஒரு திருத்தம் வந்துதான் கொஞ்சம் சரியானது. 2024 டிசம்பரில் வந்த இண்டியானா ஜோன்ஸ் ஆட்டம், ரே டிரேசிங் வசதி இல்லாத கார்டுக்கு ஆதரவே கிடையாது என்று சொல்லிவிட்டது. எவ்வளவு வலு இருந்தும் வாசலிலேயே நிறுத்திவிடுவது மாதிரி. லேபுக்கு இதைவிட முக்கியம், என்விடியா தன் கூடா மென்பொருளின் 13-ஆம் பதிப்பில், 2025 ஆகஸ்டில், 10 வரிசைக் கார்டுகளைக் கைவிட்டுவிட்டது. அந்தக் கார்டுகளுக்கு வழக்கமான டிரைவர் வருவதும் 2025 அக்டோபரோடு முடிந்தது. பாதுகாப்புத் திருத்தம் மட்டும் 2028 வரை வரும் என்றார்கள். முதல் வருட மாணவன் வெளியே போவதற்குள் லேபே முதியோர் இல்லம் ஆகிவிடும்.

எதிர்ப்பக்கமும் சொல்ல வேண்டும் அல்லவா? 2025-இல் வந்த 50 வரிசை, பழைய 32 பிட் கூடாவை விட்டுவிட்டது. அதனால் ஃபிஸ்எக்ஸ் என்ற புகை, துணி, கண்ணாடிச் சில்லு வேலைகளைக் கார்டிலேயே செய்த பழைய ஆட்டங்கள், அந்த வசதியைப் போட்டால் புதுக் கார்டில் நொண்டின. பதினைந்து வருடப் பழைய கார்டில் நன்றாக ஓடிய ஆட்டம்! சிலர் புதுக் கார்டின் பக்கத்திலேயே பழைய கார்டு ஒன்றையும் சொருகி அதற்கு மட்டும் வைத்துக்கொண்டார்கள். வருடக் கடைசியில் சில ஆட்டங்களுக்கு மட்டும் அந்த வசதியைத் திருப்பித் தந்தார்கள்.

இன்னொன்று, நம் மெக்கானிக்கல், சிவில் பிள்ளைகளுக்கு. ஸ்ட்ரெஸ் கணக்குக்குப் பெரும்பாலும் டபுள் பிரிசிஷன் வேண்டும், அதாவது 64 பிட் தசமக் கணக்கு. 2013-இல் ஜி.டி.எக்ஸ். டைட்டன் என்று ஒரு கார்டு வந்தது. அதன் டபுள் பிரிசிஷன் வேகம் நொடிக்கு 1.3 லட்சம் கோடி கணக்கு. ஒன்பது வருடம் கழித்து 2022-இல் வந்த 1599 டாலர் ஆர்.டி.எக்ஸ். 4090 சாதாரணக் கணக்கில் நொடிக்கு 82 லட்சம் கோடி போடும். டபுள் பிரிசிஷனில்? அறுபத்து நான்கில் ஒரு பங்குதான். சுமார் 1.3 லட்சம் கோடி. அதே எண்! வீட்டு உபயோகக் கார்டில் அந்த வேலை தேவையில்லை என்று குறைத்துவிட்டார்கள். வேண்டுமானால் பல மடங்கு விலையில் டேட்டா சென்டர் கார்டு வாங்கிக்கொள் என்று அர்த்தம். இதைக் கேட்டு டைட்டனைத் தேடி ஓடாதீர்கள், அதன் தலைமுறையைக் கூடா 12-ஆம் பதிப்பிலேயே கழற்றிவிட்டார்கள். நான் சொல்ல வருவது, "புதுசு எத்தனை மடங்கு வேகம்?" என்ற கேள்விக்கு, "எந்த வேலையில்?" என்று திருப்பிக் கேட்காமல் பதில் சொல்ல முடியாது.

விளம்பரத்தில் வரும் மடங்குகளைப் பற்றி ஒரு வார்த்தை. 2025 ஜனவரியில் என்விடியாவின் தலைவர் மேடையேறி, 549 டாலர் 5070-இல் 4090-இன் வேகம் கிடைக்கும் என்றார். 4090-இல் 16384 கோர். 5070-இல் 6144. எப்படி? உண்மையாக வரைந்த ஒரு ஃப்ரேமுக்கு அடுத்து மூன்று ஃப்ரேம் வரை ஊகித்து இட்டு நிரப்பும் முறையையும் சேர்த்துச் சொன்ன கணக்கு அது. திரையில் வழுவழுப்பு வரும், மறுக்கவில்லை. ஆனால் நீங்கள் மவுஸை அசைத்ததற்குப் பதில் உண்மை ஃப்ரேமில்தான் வரும். பாயசத்தில் தண்ணீர் விட்டு நாலு பந்திக்கு ஓட்டுவது என்று என் மனைவி இதற்குப் பெயர் வைத்தாள். சின்னதாக வரைந்து பெரிதாக்கிக் காட்டும் டி.எல்.எஸ்.எஸ். வேறு விஷயம். அதில் உண்மையிலேயே லாபம் உண்டு. அது ஆர்.டி.எக்ஸ். கார்டுகளில் மட்டும்தான் வேலை செய்யும் என்பது புதியதற்குச் சாதகமான பெரிய வாதம்.

மின்சாரக் கணக்கை யாரும் குழுவில் பேசவில்லை. 1080 டி.ஐ. 250 வாட், 4060 115 வாட். வித்தியாசம் 135. இருபது கார்டு எட்டு மணி நேரம் முழு மூச்சில் ஓடினால் நாளைக்கு 21.6 யூனிட் கூடுதல். அது போகட்டும், அந்த 250 வாட்டும் கடைசியில் சூடாகத்தான் அறைக்குள் வரும். இருபது கார்டுக்கு 5 கிலோவாட். ஒரு டன் ஏ.சி. எடுக்கக்கூடியது சுமார் 3.5 கிலோவாட். ஆக, கார்டின் சூட்டை மட்டும் வெளியேற்ற ஒன்றரை டன் ஏ.சி. தனியாக வேண்டும். பாதி விலைக்கு வாங்கிய மிச்சம் ஏ.சி.க்குப் போய்விடும். நம் ஊர் மே மாதத்தில் நாற்பது டிகிரி. கார்டு சூடானால் தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். இருபத்து மூன்று டிகிரி குளிர் அறையில் எடுத்த சோதனை முடிவு நம் லேபில் அப்படியே வராது.

கையிலுள்ள பழைய கார்டை இன்னும் ஒரு வருடம் ஓட்ட நினைக்கும் மாணவர்களுக்கு: ஃபேனையும் ஹீட்சிங்கையும் தூசி தட்டுங்கள், காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டை வழித்தெடுத்துப் புதிதாகத் தடவுங்கள். இருநூறு முந்நூறு ரூபாய்ச் செலவு. பழையது மெதுவாகிவிட்டது என்று என்னிடம் கொண்டுவந்த கார்டுகளில் பாதிக்கு வியாதி அதுதான். சந்தையில் வரும் பழைய கார்டுகளில் பல, 2022 செப்டம்பரில் எத்தீரியம் மைனிங் நின்றதும் தள்ளிவிடப்பட்டவை. இரவு பகலாக ஓடியவை. அதனாலேயே கெட்டுப்போயிருக்கும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு மணி நேரமாவது முழுச் சுமையில் ஓட்டிக் காட்டாமல் பணம் கொடுக்காதீர்கள். ஒப்பிடும்போது சராசரி ஃப்ரேமை மட்டும் பார்க்காமல், மோசமான ஒரு சதவீதத்தையும் பாருங்கள். பஸ் சராசரியாக நாற்பதில் போனாலும், நடுவில் பத்து இடத்தில் சடன் பிரேக் போட்டால் பயணிக்குத் தெரிவது பிரேக்தான்.

சரி, என்ன வாங்குவது? போன மாதம் நம் கல்லூரி மூன்றாம் வருட மாணவர் ஒருவர் என்னைக் கூப்பிட்டார். மொழி மாதிரி வைத்து ஏதோ புராஜெக்ட். "அண்ணா, அம்மா மகளிர் குழுவில் கடன் எடுத்துத் தர்றேன்னு சொல்றாங்க. 4060 வாங்கட்டுமா?" என்றார். எனக்கு ஒரு நிமிடம் பேச்சு வரவில்லை. கணக்குப் போட்டுக் காட்டினேன். 700 கோடி எண்கள் கொண்ட ஒரு மாதிரியை, ஒரு எண்ணுக்கு இரண்டு பைட் வீதம் அப்படியே ஏற்ற 14 ஜி.பி. வேண்டும். எட்டில் ஏறாது. நான்கு பிட்டாகச் சுருக்கினால் 3.5 ஜி.பி.யில் ஏறும், ஓட்டலாம், ஆனால் பயிற்சி கொடுக்க இடம் போதாது. இந்த வேலைக்கு வேகம் சற்றுக் குறைந்த 12 ஜி.பி. 3060-தான் வேகமான 8 ஜி.பி. 4060-ஐவிட உதவும். அதையும் இப்போது வாங்க வேண்டாம், இரண்டு மாதம் பொறு, லேப் வரட்டும் என்றேன். அவர் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறார், பெயர் சொல்ல மாட்டேன். ஆகவே செயற்குழுவினரே, நான் அவரிடம் வாக்குக் கொடுத்துவிட்டேன்.

என் யோசனை இது. இருபதிலும் ஒரே கார்டு வேண்டாம். கோடிங், வரைபடம், சாதாரண கேட் வேலைக்குப் பதினான்கு கம்ப்யூட்டரில் சி.பி.யு.வோடு வரும் கிராபிக்ஸே போதும், தனிக் கார்டே வேண்டாம். அதில் மிச்சமாகும் பணத்தில் ஆறு கம்ப்யூட்டருக்கு மட்டும் மெமரி அதிகமுள்ள கார்டு: 5060 டி.ஐ., 16 ஜி.பி. ரகம். கட்டுப்படியாகாவிட்டால் 3060, 12 ஜி.பி. ரகம். இரண்டிலும் ரகத்தை ஆர்டரில் எழுத்தால் எழுதி, பில்லிலும் வாங்க வேண்டும். அந்த ஆறும் ராத்திரியும் ஓட வேண்டும், ஹாஸ்டலிலிருந்தே வேலையை அனுப்ப வசதி வேண்டும். மாலை ஐந்து மணிக்குப் பூட்டுகிற லேபுக்கு எந்தக் கார்டு போட்டும் பிரயோஜனமில்லை. நல்ல எஸ்.எம்.பி.எஸ். வாங்குங்கள். அதில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

1080 டி.ஐ. கட்சியின் தலைவர் என் வகுப்புத் தோழர்தான், முறைத்துப் பார்க்கிறார். நண்பா, உன்னுடைய கார்டு இன்னும் நன்றாக ஓடுகிறது என்பதை நான் மறுக்கவில்லை. வீட்டில் வைத்து விளையாடு.

என்னுடைய ஜி.டி. 240-ஐக் கையோடு கொண்டுவந்திருக்கிறேன். அப்பா இறந்தபின் வீட்டைச் சுத்தம் செய்தபோது அவருடைய பீரோவில் அந்தப் பெட்டி இருந்தது. "புராஜெக்ட்" என்று அவர் கையால் எழுதி, பில்லையும் உள்ளேயே வைத்திருந்தார். கார்டு வேலை செய்கிறது. செமினார் ஹால் மேசைமேல் வைத்துவிட்டுப் போகிறேன். ஃபேனைக் கழற்றினால் சுற்றிலும் மெமரி சில்லுகள் தெரியும், அவற்றின்மேல் பொடி எழுத்தில் எண் அச்சிட்டிருக்கும். அது டி.டி.ஆர். 3-ஆ, ஜி.டி.டி.ஆர். 5-ஆ என்று தேடிக் கண்டுபிடியுங்கள். ஸ்குரூ நான்கு, ஒன்று ஏற்கெனவே தொலைந்துவிட்டது. கார்டை எனக்குத் திருப்பித் தர வேண்டாம். பெட்டியை மட்டும் தாருங்கள்.